ஏழாம் எதிரி இன்னும் கண் மூடவில்லை

வேர்நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மக்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர். சேனைக்கிழங்கைப் போல அந்த மண்ணுக்குள்ளேயே விளைந்து, ஒரு நல்ல நாள் பார்த்துத் தலையை வெளியே நீட்டியவர்கள். இதை நான் சொல்லவில்லை, அந்நாட்டுப் பள்ளிகளில் முதல் பாடமே இதுதான். வெளியாள் யாராவது அவர்களைக் கிழங்கு என்று சொன்னால் கோபம் வரும். அவர்களே சொல்லிக்கொண்டால் பெருமை.

கிழங்கிலிருந்து வந்தவர்கள் என்பதால் அசையாமல் இருப்பது அங்கே பண்பாடாயிற்று. எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பவனைவிட, தண்ணீர் வரும்வரை உட்கார்ந்திருப்பவனுக்கு மதிப்பு அதிகம். ஆனால் சாக்கடை தானாகத் தூர்வாரிக்கொள்ளாது, மீன்கூடை தானாக வீடு வந்து சேராது, படுக்கையில் கிடக்கும் மாமியார் தானாகக் குளிக்க மாட்டாள். இந்தச் சங்கடத்தில் நாடு தவித்துக்கொண்டிருந்தபோதுதான் சிப்பித்தீவு கடலுக்குள் போயிற்று. அங்கிருந்தவர்கள் கிடைத்த படகில் ஏறி வேர்நாட்டுக் கரையில் வந்து இறங்கினார்கள். அலையோடு வந்ததால் அலைக்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அந்த நாட்டில் மகிழ்வதற்கும் அமைச்சரவை ஒப்புதல் வேண்டும்.

அமைச்சரவை கூடி அலைக்காரர்களுக்கு மௌன அனுமதி என்று ஒன்றை வழங்கியது. நாட்டில் தங்கலாம், வேலை செய்யலாம், பொது இடத்தில் பேசக்கூடாது. வேலைக்கு வேண்டும் என்பதால் இரண்டு சொற்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டன: 'சரிங்க', 'இந்தாங்க'. மூன்றாவது சொல் தேவைப்படும் வேலை எதுவும் நாட்டில் இல்லை என்று ஒரு வல்லுநர் குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை தடிமனான புத்தகம். அதைச் சுமந்துகொண்டு போய் அரசரிடம் வைத்தவனும் ஓர் அலைக்காரன்தான். வைக்கும்போது "இந்தாங்க" என்றான்.

வீட்டுக்கு வெளியே அலைக்காரர்கள் வாய் திறக்க ஒரே ஓர் இடம் இருந்தது. அது நாடக மேடை.

ஆண்டுதோறும் வேர் விழா ஒரு வாரம் நடக்கும். ஒவ்வொரு பிற்பகலும் கடற்கரைத் திடலில் ஒரே நாடகம், 'கரை காத்த காவியம்'. முதல் அரசர் தன்னந்தனியாகக் கரையில் நின்று, படகில் வந்த ஏழு எதிரிகளை வெட்டி வீழ்த்துவது கதை. விளக்கு வைத்த பிறகு அரசர் விழித்திருக்க மாட்டார் என்பதால் பிற்பகல். எதிரி வேடம் கட்ட வேர்நாட்டுக்காரன் எவனும் சம்மதிப்பதில்லை. கட்டியவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், அதோடு செத்த பிறகு சுடுமணலில் கிடக்க வேண்டும். ஆகவே எதிரியாகச் சாகும் வேலையும் அலைக்காரர்களுக்கே போயிற்று. மேடையில் பேசுவது ஆள் அல்ல, பாத்திரம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். இல்லாவிட்டால் 'ஐயோ, செத்தேன்' என்று சொல்ல முடியாதே.

இன்னொரு சம்பிரதாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மேடையில் விழுந்த பாத்திரம் கண் மூடும்வரை அதன் பேச்சை யாரும் மறிக்கக்கூடாது. மத்தளம் அடிக்கக்கூடாது, திரையை இழுக்கக்கூடாது, பார்ப்பவர்கள் இருக்கையை விட்டு எழக்கூடாது. மறித்தாலோ எழுந்தாலோ அந்தச் சாவு நேரே அவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். அரசருக்கும் இதில் விலக்கு இல்லை. எதிரிகள் ஆளுக்கு ஒரு வரிதான் சொல்லிச் செத்தார்கள் என்பதால் இதுவரை யாருக்கும் இதனால் தொந்தரவு வந்ததில்லை.

அந்த ஆண்டு விழாவுக்குச் சற்று முன்னால் 'சொந்த வீடு திரும்பும் சட்டம்' வந்தது. அலைக்காரர்களின் பிள்ளைகள் பதினைந்து வயதானதும் தத்தம் சொந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். விழாவின் கடைசி நாள் நாடகம் முடிந்ததும் படகு புறப்படும்.

மீன்சந்தைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் குடியிருந்த வெள்ளத்தாயின் மகள் தாழைக்கு அப்போதுதான் பதினைந்து முடிந்திருந்தது. தாழை பிறந்தது அந்தக் கொட்டகையில். கடலில் கால் நனைத்ததைத் தவிர அவளுக்கும் சிப்பித்தீவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

வெள்ளத்தாய் ஒரு கூடைக் கருவாட்டோடு அமைச்சர் கோதண்டபூபதியைப் பார்க்கப் போனாள். பண்பாட்டுத் துறையும் எல்லைத் துறையும் அவர் கையில்தான் இருந்தன. இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவர் கருத்து. அவளுக்காகப் பேச, எழுத்தறிந்த ஒரு குமாஸ்தா இரக்கப்பட்டுக் கூட வந்திருந்தார்.

"உன் மகள் தன் சொந்த மண்ணை மிதிக்கப்போகிறாள். இதைவிடப் பெரும் பேறு உண்டா?" என்றார் அமைச்சர்.

"சரிங்க," என்றாள் வெள்ளத்தாய். அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனையும் அலைக்காரர்களுக்கு அத்துப்படி. இது 'இல்லை' என்று பொருள்படும் சரிங்க. அமைச்சருக்கு அந்த நுட்பமெல்லாம் புரியாது.

"ஐயா, அந்தத் தீவு மூழ்கிவிட்டது," என்றார் குமாஸ்தா.

"அது வதந்தி. தீவு மூழ்கியிருந்தால் தீவின் அதிகாரிகள் எழுத்து மூலம் நமக்குத் தெரிவித்திருப்பார்கள். இன்றுவரை ஒரு கடிதம் இல்லை."

"அதிகாரிகளும் மூழ்கிவிட்டார்கள், ஐயா."

"அப்படியானால் பொறுப்பில்லாத அதிகாரிகள்."

"படகோட்டி அங்கே போய்ப் பார்க்கும்போது வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், பிள்ளைகளை எங்கே இறக்குவது?"

அமைச்சர் சற்று யோசித்தார். "தீவு இருந்த இடத்தில்," என்றார்.

வெள்ளத்தாய் கூடையை நீட்டி "இந்தாங்க" என்றாள். அமைச்சர் கருவாட்டை வாங்கி மோந்து பார்த்து, நல்ல சரக்கு என்று பாராட்டி உள்ளே அனுப்பினார். அவளையும் வெளியே அனுப்பினார்.

வீட்டுக்குள் பேசத் தடையில்லை. அன்று கொட்டகையில் வெள்ளத்தாயின் கணவன் இருளப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஏழாம் எதிரியாகப் பல ஆண்டு செத்தவன் அவன்தான். சாக்கடைச் சுவர் இடிந்து முதுகில் விழுந்ததிலிருந்து அவன் உட்கார்ந்தால் இருவர் பிடித்துத் தூக்கினால்தான் எழ முடியும்.

"இந்த வருசம் ஒங்க வேசத்த நான் கட்டுறேன்," என்றாள் அவள்.

"மீசைய நல்லா அழுத்தி ஒட்டு. வெயிலுக்குக் கழண்டுரும்," என்றான் இருளப்பன். "எவ்வளவு நேரம் சாவப்போற?"

"அவங்க அழுவுற வரைக்கும்."

"அழ மாட்டாங்க தாயி. மொதல்ல சிரிக்க வை. புள்ளைக்குச் சோறு ஊட்டுறப்ப என்ன செய்வ? சிரிச்சு வாயத் தொறக்கும்ல, அப்பத்தான உள்ள தள்ளுவ?"

தாழை இதைக் கேட்டுக்கொண்டே மீசைக்குப் பசை காய்ச்சினாள். அவள் பயந்திருந்தாள்.

விழா தொடங்கியது. அரசர் வேர்க்கோமான் முன்வரிசை நடுவில், விழா அரியணையில் அமர்ந்தார். பக்கத்தில் ஆணையெழுத்தர். அரியணையிலிருந்து வரும் சொல் எதுவானாலும் அது ஆணை என்பதால், அரசர் ஏப்பம் விட்டாலும் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். முதல் அரசராக வேடமிட்ட நடிகர் ரத்தினவடிவேல் வாளைச் சுழற்றினார். ஆறு எதிரிகள் "வேர்நாட்டு வீரத்தின் முன் நாங்கள் வெறும் நுரை" என்று சொல்லி ஒழுங்காகச் செத்தார்கள். ஏழாம் எதிரி மீசையோடு வந்து, வெட்டுப்பட்டு, மணலில் விழுந்தாள்.

"வேர்நாட்டு வீரத்துக்கு முன்னால நான் வெறும் நுர," என்றாள். கண் மூடவில்லை. "நுரதான். ஆனா நுரைக்கும் ஒரு கத இருக்கு. கடல் எங்க அடுப்படிக்குள்ள வந்த அன்னைக்கி எங்க வீட்டுக் கோழி கூரை மேல ஏறிக்கிச்சு. ஏறுன கோழி சும்மா இருந்துச்சா? அங்கனயே முட்ட போட்டுச்சு. எம் புருசன் இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு கோழியத் திட்டுறாரு, ஏம்மா, ஒனக்கு இப்பவா நேரம்னு."

திடலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள்.

"அந்த முட்டைய மடியில கட்டிக்கிட்டுப் படகுல ஏறுனோம். பசி காதடைக்குது, ஆனா அத யாரும் ஒடச்சுத் திங்கல. எங்க ஊர்லருந்து வந்ததுல ஒடையாத சாமான் அது ஒண்ணுதான். இங்க கரை எறங்கி மூணாம் நாள் குஞ்சு பொரிச்சுது. எல்லை அதிகாரி வந்தாரு. குஞ்சப் பாத்தாரு. இந்த மண்ணுல பொறந்ததுனால இது வேர்நாட்டுக் கோழின்னு எழுதிட்டுப் போனாரு. கோழிக்கு வரி உண்டுல்ல. இப்ப அதோட பேரன் சேவல் அமைச்சரய்யா மதில் மேல ஏறி நின்னு தெனம் கூவுது. அதுக்கு மௌன அனுமதி கெடையாது. அது என்ன வேணா பேசலாம்."

இப்போது அரசரே சிரித்துவிட்டார். ஆணையெழுத்தர் 'ஹா ஹா' என்று எழுதிக்கொண்டார்.

"அதே கொட்டாயில, அதே பாயில, எம் மக பொறந்தா. அதே அதிகாரிதான் வந்தாரு. பாத்துட்டு, இது சிப்பித்தீவுக் கொழந்தன்னு எழுதிட்டாரு. முட்டையிலருந்து வந்தது ஒங்க ஊரு. எம் வயித்துலருந்து வந்தது கடலுக்கு அடியில இருக்கிற ஊரு. விழா முடிஞ்சதும் அவள அனுப்பப்போறீங்க. எங்கன எறக்குவீங்க சாமி? தண்ணியிலயா?"

திடல் சிரிப்பை நிறுத்தியது. சிரிக்கத் திறந்த வாயை மூடுவதற்குள் கவளம் உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகும் அவள் வெகுநேரம் செத்தாள். உப்புக்கரித்த கிணறு, படகில் மற்றவர்களுக்கு இடம் வேண்டும் என்று ஏற மறுத்துவிட்ட மாமனார், இந்த ஊரில் யார் யார் வீட்டுச் சாக்கடையில் அவள் கணவன் இறங்கினான் என்பது, எல்லாம் சொன்னாள். யாரும் எழ முடியவில்லை. ரத்தினவடிவேல் ஓங்கிய வாளோடு அப்படியே நின்றதில் கை மரத்துப்போயிற்று. அரசர் நாடகத்துக்கு முன் இரண்டு இளநீர் குடித்திருந்தார். அவர் முகம் போன போக்கை இங்கே வருணிப்பது ராஜத் துரோகமாகும்.

கடைசியில் அவள் கண் மூடினாள். அரசர் ஓடினார்.

அமைச்சர் மேடைக்குப் பின்னால் வந்து, "யார் எழுதிக்கொடுத்த வசனம் இது?" என்று சீறினார். வெள்ளத்தாய் மீசையைக் கழற்றிக்கொண்டே "சரிங்க" என்றாள். அவளைப் பிடித்து உள்ளே போடச் சொன்னார். சட்ட வல்லுநர்கள் தயங்கினார்கள். பேசியது ஆள் அல்ல, பாத்திரம். அப்படியானால் பாத்திரத்தைக் கைது செய்யுங்கள் என்றார். பாத்திரத்தில் கைக்கு அகப்பட்டது மீசை ஒன்றுதான். அதை விலங்கிட்டுச் சிறையில் அடைத்தார்கள். விலங்கு பெரிது, மீசை சிறிது என்பதால் இரண்டு காவலர்கள் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் வெள்ளத்தாய் அடுப்புக்கரியால் மீசை வரைந்துகொண்டு வந்தாள். அன்று ஏழு பேருமே நிதானமாகச் செத்தார்கள். கொத்தனார் ஒருவன், தான் கட்டிய அரண்மனையின் வாசலை ஒருமுறைகூடத் தாண்ட விடவில்லை என்பதைப் பாட்டாகவே பாடிச் செத்தான். கூட்டம் தாங்கவில்லை. சுண்டல் விற்பவர்கள் வந்தார்கள். "இன்னைக்கு யாரு மொதல்ல சாவுறா?" என்று கேட்டுக்கொண்டு வண்டி கட்டி வந்தார்கள். "அந்த மூணாவதா விழுந்தானே, அவன் எங்க வீட்டு ஆளு" என்று பெருமை அடித்துக்கொண்டவர்களும் உண்டு. அதுவரை அந்த ஆளின் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

ரத்தினவடிவேல் அமைச்சரிடம் முறையிட்டார். "ஐயா, இது என் நாடகம். நான் வெல்கிறேன், கைதட்டல் தோற்றவனுக்குப் போகிறது. வாளைத் தாங்கித் தாங்கி என் தோள் இறங்கிவிட்டது."

அமைச்சர் இரவெல்லாம் சிந்தித்து ஓர் ஆணை கொண்டுவந்தார். இனி எதிரிகள் தொடக்கத்திலேயே பிணமாக இருப்பார்கள். திரை விலகும்போது ஏழு உடல்கள் மணலில் கிடக்கும். முதல் அரசர் வந்து பார்த்து, நானே கொன்றேன் என்று அறிவிப்பார். நாடகம் முடிந்தது.

பிணம் பேசாது என்பது வரை அமைச்சர் கணக்கு சரி. ஆனால் பிணம் கிடந்தால் ஒப்பாரி வேண்டும் என்பது வேர்நாட்டிலும் வழக்கம்தான், ஒப்பாரி இல்லாமல் போன உயிர் ஊரைச் சுற்றும். ஆகவே திரை விலகியதும் அலைக்காரப் பெண்கள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். சாகிறவனுக்காவது கண் மூட வேண்டும் என்று ஒரு முடிவு உண்டு. ஒப்பாரிக்கு அதுவும் கிடையாது.

ஒப்பாரி கேட்டால் உட்கார்ந்திருப்பது பாவம் என்று வேர்நாட்டுப் பெண்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எழுந்தால் சாவு வரும், உட்கார்ந்தால் பாவம் வரும். சற்றுத் தவித்துவிட்டு, இது பிணந்தானே, கண் மூடிவிட்டதே என்று தேறி, கருவூலத் தலைவரின் மனைவி குணவதி முதலில் எழுந்து மேடை ஏறினாள். அவள் பின்னால் மற்றவர்கள். வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

குணவதி தன் பக்கத்தில் இருந்தது யார் என்று அப்போதுதான் பார்த்தாள். வெள்ளத்தாய்.

"ஏன்டி, எங்க மாமியாரை இத்தனை வருஷமாக் குளிப்பாட்டுறியே, ஒரு வார்த்தை சொன்னியாடி இதையெல்லாம்?" என்று அழுகையோடு கேட்டாள்.

"சொல்ல விட்டீங்களா அம்மா?" என்றாள் வெள்ளத்தாய். மேடை என்பதால் கேட்க முடிந்தது.

குணவதி இன்னும் கொஞ்சம் அழுதாள். எனக்கு இந்த இடத்தில் அவள்மேல் கோபம் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அழுதவள் அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம் அந்தப் படகைப் பற்றிக் கேட்டாள், அதையும் சொல்ல வேண்டும். கருவூலத் தலைவர் அமைச்சரிடம் கேட்டார். ஒரே நாளில் பல கணவர்கள் அமைச்சரிடம் கேட்டார்கள். கேட்ட எல்லாருக்கும் அமைச்சர், பண்பாடு ஆபத்தில் இருக்கிறது என்று பதில் சொன்னார்.

பிணங்களுக்கு உயிர் கொடுத்து ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அமைச்சரும் கோளாறு மேடையில் இல்லை, திடலில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பேசுகிறவன் வாயை மூட முடியாவிட்டால் என்ன, கேட்கிற காதை அப்புறப்படுத்தினால் போகிறது. ஆனால் எழுந்தால் சாவு வருமே?

அரசவைப் பண்டிதரைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணை மூடி, சம்பிரதாயத்தை உள்ளுக்குள் புரட்டி, "எழக்கூடாது என்பதன் உட்பொருள், இருக்கை காலியாகக்கூடாது என்பதே. இருக்கையில் யாரேனும் ஒருவர் இருந்தால் தோஷமில்லை," என்றார்.

அன்றே பதிலி இருக்கைச் சட்டம் பிறந்தது. குடிமக்கள் தங்களுக்குப் பதிலாக வேறொருவரை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இருக்கையில் இருப்பவர் இருக்கைக்கு உரியவராகவே எல்லாவற்றுக்கும் கருதப்படுவார். இந்தக் கடைசி வாக்கியத்தை அமைச்சர் தானே எழுதினார். பதிலி உட்கார்ந்தால் சாவு வருமோ என்று யாரும் அஞ்சக்கூடாது என்பதற்காக எழுதியது. அழகான வாக்கியம் என்று இரண்டு முறை படித்துக்காட்டினார்.

சும்மா உட்கார்ந்திருப்பது ஒன்றைத்தான் வேர்நாட்டார் அதுவரை தாங்களே செய்துவந்தார்கள். இப்போது அதற்கும் ஆள் வைக்கலாம் என்றானதும் நாட்டில் ஒரு புத்துணர்ச்சி பரவியது. ஆள் என்றால் யார்? வேறு யார் இருக்கிறார்கள்? விழாவின் கடைசி நாள் முன்வரிசைகள் முழுக்க அலைக்காரர்கள் தங்கள் முதலாளிகளின் ஜரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாடகம் கேட்க மனமிருந்த சாதாரண வேர்நாட்டுக்காரர்கள் இருக்கைகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள். நிற்கிறவன் எழ வேண்டியதில்லை.

அரசர் அமைச்சரைக் கூப்பிட்டார். "எனக்கும் ஒரு பதிலி வை. என் உடம்பு இதைத் தாங்காது," என்றார்.

அரியணையில் உட்காருகிறவன் நெளியக்கூடாது, நடுவில் எழக்கூடாது, அதிகம் பேசக்கூடாது. அப்படி ஓர் ஆளை நாடெங்கும் தேடியதில் ஒருவன்தான் பொருத்தமாக அகப்பட்டான். அவன் நினைத்தாலும் எழ முடியாது. அனுமதிக்கப்பட்ட இரண்டு சொல்லுக்கு மேல் பொது இடத்தில் பேசியதும் இல்லை. இருளப்பனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து அரியணையில் வைத்தார்கள். தலை வெறுமையாக இருந்தால் இருக்கை காலி என்று ஆகிவிடும் என்று பண்டிதர் சொன்னதால் கிரீடத்தையும் வைத்தார்கள். அது கொஞ்சம் பெரிது, காதில் நின்றது. அரசர் நிம்மதியாக நந்தவனத்துப் பக்கம் போனார்.

கரையோரம் படகு தயாராக நின்றது. நாடகம் முடிந்ததும் பதினைந்து வயதானவர்கள் ஏற வேண்டும். காவலர்கள் வரிசையாக நின்றார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாருடைய பார்வையும் மேடையைவிடப் படகின்மேல்தான் இருந்தது.

அன்று ஏழாம் எதிரியாக வந்தது வெள்ளத்தாய் அல்ல, தாழை. மீசையை அவள் அம்மா வரைந்துவிட்டிருந்தாள். வரையும்போது கண் படகின்மேல் இருந்ததால் ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. ரத்தினவடிவேல் பட்டும் படாமலும் வெட்டினார். தாழை விழுந்தாள்.

"எனக்குச் சிப்பித்தீவத் தெரியாது," என்று ஆரம்பித்தாள். "எங்கம்மா சொன்ன கோழியக் கூட நான் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சது மீன்சந்தத் தெரு, வண்ணான் தொற, பள்ளிக்கூடத்துச் சன்னல். சன்னலுக்கு வெளிய நின்னுதான் ஒங்க மொதப் பாடத்த நான் படிச்சேன். நாமெல்லாம் கெழங்குன்னு. நானும் கெழங்குன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

கயிற்றுக்கு அப்பால் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தான் கண் மூடினால் நாடகம் முடியும், நாடகம் முடிந்தால் படகு புறப்படும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே பேசினாள். தெருக்களின் பெயர்களைச் சொன்னாள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் கிடைக்கும் என்று சொன்னாள். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதும் முதல் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்தாள். குரல் கம்மியது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரத்தினவடிவேல் வாளை மெல்லக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டார். "நிறுத்தாதம்மா. பேசு. நான் இருக்கேன்," என்று வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார். அவருடைய நடிப்புத் தொழிலில் இதுவரை பேசிய வசனங்களில் நல்ல வசனம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தாழைக்கு இருமல் வந்தது. ஒரு சொல் வந்தது, அடுத்த சொல் வரவில்லை. இமை தாழ்ந்து கண் மூடியது.

அப்போது அரியணையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"போதும்மா. தொண்ட கட்டிரும். எந்திரிச்சு வீட்டுக்குப் போ."

மகளின் குரல் உடைவதைக் கேட்ட இருளப்பனுக்குத் தலையில் கிரீடம் இருப்பது மறந்துபோயிற்று. பழக்கத்தால் ஆணையெழுத்தர் எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அமைச்சர் ஓடிவந்தார்.

"இது அரசர் சொல் அல்ல. அழியுங்கள்."

"இருக்கையில் இருப்பவர் இருக்கைக்கு உரியவராகவே எல்லாவற்றுக்கும் கருதப்படுவார்," என்று ஆணையெழுத்தர் சட்டத்தைச் சொன்னார். "ஐயா எழுதிய வாக்கியம்தான்."

அமைச்சர் கொஞ்சம் விழித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "நல்லது. வீட்டுக்குப் போ என்றுதானே ஆணை? நம் சட்டமும் அதையேதான் சொல்கிறது. அவளைப் படகில் ஏற்றுங்கள்."

காவலர்கள் அசைந்தார்கள். ஆனால் ஆணையெழுத்தர் குறையாக எதையும் எழுதிப் பழகாதவர். அவர் அரியணைப் பக்கம் குனிந்து, "மன்னா, எந்த வீடு?" என்று கேட்டார்.

இருளப்பன் விழித்தான். "எந்த வீடா? மீன்சந்தைக்குப் பின்னால இருக்குதே, கூர ஒழுகுமே, அது. இந்தப் புள்ளைங்க எல்லாத்துக்கும் வீடு அங்கனதான."

ஆணையெழுத்தர் எழுதினார்: சொந்த வீடு என்பது மீன்சந்தைக்குப் பின்னால் உள்ளது, கூரை ஒழுகுவது. அலைக்காரப் பிள்ளைகள் அனைவருக்கும் பொருந்தும். அரச முத்திரையை வைத்தார்.

தாழை எழுந்தாள். படகுக்குப் போகும் பாதையில் காவலர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோணல் மீசையோடு, மீன்சந்தைப் பக்கம் நடந்தாள். படகில் ஏற நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவள் பின்னால் நடந்தார்கள். ஆணைப்படி நடக்கிறவர்களைத் தடுக்கக் காவலர்களுக்கு அதிகாரம் இல்லை.

செய்தி கேட்டு அரசர் நந்தவனத்திலிருந்து வந்து சேர்ந்தார். "ரத்து செய்கிறேன், அந்த ஆணையை ரத்து செய்கிறேன்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆணையெழுத்தர் எழுதவில்லை. அரியணையில் இருந்து சொன்னால்தான் ஆணை என்று பணிவாக நினைவூட்டினார்.

"எழுப்புங்கள் இவனை," என்றார் அரசர்.

அந்த நேரத்தில் மேடையில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. வெள்ளத்தாய் கரிமீசையோடு மணலில் விழுந்திருந்தாள். "வேர்நாட்டு வீரத்துக்கு முன்னால நான் வெறும் நுர," என்று தொடங்கி, அண்ணாந்து படுத்து வசதியாகக் கால் நீட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கொத்தனார் தன் முறைக்குத் தயாராக நின்றான். அவனுக்குப் பின்னால் ஒப்பாரிக்காரப் பெண்கள். கயிற்றைத் தாண்டி வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குணவதியும் அந்த வரிசையில் நின்றாள். அவளும் மீசை வரைந்திருந்தாள்.

இப்போது அரியணையில் உட்காருகிறவர் இத்தனை பேரும் கண் மூடும்வரை எழ முடியாது. அரசர் அரியணையைப் பார்த்தார். மேடையில் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். நந்தவனத்தில் இன்னும் இரண்டு இளநீர் குடித்திருந்தார். நாட்டின் எதிர்காலம் அவர் முகத்தில் தெரிந்தது. சற்று நேரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுவிட்டு இருளப்பனிடம் குனிந்து, "நீயே இரு," என்றார்.

"சரிங்க," என்றான் இருளப்பன்.